ஓடும் கற்பூரம்

சந்தை முனையில் ஜப்பான்காரர்கள் இரண்டு கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒன்றில் மூன்று நாள் பழைய தலை ஒன்று இருந்தது. மற்றது காலி.

காலிக் கம்பத்தைப் பார்த்துவிட்டு ஹபீபா பீவி நேரே என் வாசலுக்கு ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை.

"அது எங்க வூட்டுக்காரருக்காம்ணே. நாலு மணிக்கு. சிப்பாய் விரலால கழுத்துல கோடு இழுத்துக் காட்டுனான்."

"உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவள் கணவன் கமால் தண்ணீர் தூக்குகிறவன். குண்டு விழுந்து குழாய் உடைந்த சந்துகளுக்கு, தோள் கம்பின் இரு முனையிலும் தகர டின்களைத் தொங்கவிட்டு, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவான். அன்று சனிக்கிழமை. காலையில் பர்மா ரோட்டுச் சந்தில் பரமநாதன் வீட்டுக் குளியல் தொட்டியை நிரப்பிவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் பரமநாதன் அதே குளியலறைத் தரையில் பிணமாகக் கிடந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். தலையைத் தொட்டிக்குள் அமுக்கிக் கொன்றது கமால்தான் என்று சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இன்னைக்கு இருபது டின்னுண்ணே. வழக்கமா எட்டுத்தான். தோளு தோல் உரிஞ்சுபோச்சுன்னு வந்து உக்காந்தாரு. கஞ்சி ஊத்துறதுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. அவரு ஒரு கோழிகூட அறுத்ததில்லைலா. நான்தான் அறுக்கச் சொல்லி ஆள் தேடுவேன்."

பரமநாதன் இராணுவப் போலீஸின் மொழிபெயர்ப்பாளர். அவர் மொழிபெயர்த்த விசாரணையிலிருந்து நடந்து திரும்பியவர்கள் குறைவு. பல பெயர்களை அவரே எழுதிக் கொடுத்தார் என்று ஊரே சொன்னது. அவர் செத்ததற்கு யாரும் அழவில்லை.

"செத்த பெறகும் ஒருத்தனைக் காட்டிக் குடுக்கறாரு பாரு தம்பி," என்றார் பக்கத்தில் நின்ற பக்கிரிசாமி அண்ணன். "வேலைன்னா அப்படி ஒரு பற்று."

பக்கிரிசாமி அண்ணன் முன்பு டிராலி பஸ் கண்டக்டர். பஸ் நின்றது, பேச்சு நிற்கவில்லை. நாற்பத்தைந்து வயது. ஊரே மரவள்ளிக் கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்த 1943இல், அவர் தலையில் மட்டும் எண்ணெய் மின்னும். நெற்றியில் புரளும் முன்மயிர்ச் சுருளைக் கோதிக் கோதி விடுவார். நிபோங் திபாலில் யாரோ ஒரு எஸ்டேட் ஆள் அவருக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த எண்ணெயில கிழங்கு வறுக்கலாமே அண்ணே," என்று ஒருமுறை கேட்டேன்.

"கிழங்குக்கு எதுக்குத் தம்பி அழகு?"

நான் கார்த்திகேசு. தண்ணீரைச் சோதித்துச் சொல்வது என் வேலை. யாராவது காணாமல் போனால் தேடிக் கொடுப்பதும் உண்டு. என் மனைவி அருந்ததி 1941 டிசம்பரில், குண்டு போட வந்த விமானத்தை வேடிக்கை பார்க்க வீதிக்குப் போனாள். அதற்குப் பிறகு எனக்குப் பொழுது நிறைய இருக்கிறது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை. டோக்கியோ நேரம். ஜப்பான்காரர்கள் ஊர்க் கடிகாரங்கள் எல்லாவற்றையும் தங்கள் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"சூரியனுக்கு மட்டும் இன்னும் உத்தரவு போகலை," என்றார் பக்கிரிசாமி அண்ணன். "வா தம்பி. மூணரை மணி நேரத்துல ஒரு ஆளைக் காப்பாத்தணும். நான் ஓட்டுன பஸ்ஸைவிட வேகமாப் போகணும்."

"நீங்க எங்கே ஓட்டினீங்க? டிக்கெட்தானே கிழிச்சீங்க?"

"டிக்கெட் கிழிக்கலைன்னா பஸ் ஓடுமா?"

*

இராணுவப் போலீஸ் சார்ஜண்ட் நிஷிடாவுக்கு என்னைத் தெரியும். அதிகாரிகள் குடிக்கிற தண்ணீரில் யாராவது விஷம் கலப்பார்கள் என்று அவருக்குப் பயம். வாரம் இருமுறை நான் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பாதி மலாய் பேசுவார். மீதிக்குப் பரமநாதன் இருந்தார். இன்று மொழிபெயர்க்க ஆளில்லாததால் அடி நேரடியாகவே வந்தது.

போலீஸ் நிலைய வாசலில் நாங்கள் குனிந்து வணங்கினோம். போதவில்லை. பக்கிரிசாமி அண்ணனின் தலையைப் பிடித்து இடுப்புக்குக் கீழே அழுத்தினார்.

"இன்னும் கீழே. இன்னும்."

பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். எண்ணெய். முகம் சுளித்து அதை அண்ணனின் சட்டையிலேயே துடைத்தார். துடைத்த கையால் என் கன்னத்தில் அறைந்தார். காது ஒரு நிமிடம் கூவியது.

"தண்ணீர்க்காரா. எதற்கு வந்தாய்?"

"கமால் கொல்லவில்லை என்று நினைக்கிறேன்."

அவர் கதவைத் திறந்து காட்டினார். கமால் உத்தரத்திலிருந்து கட்டப்பட்ட மணிக்கட்டுகளில் தொங்கிக்கொண்டிருந்தான். கால் பெருவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டன. வலது கையில் மூன்று விரல்கள் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தன. தரை ஈரம். ரத்தமும் தண்ணீரும். ஒரு சிப்பாய் மூங்கிலை ஊன்றி இளைப்பாறினான்.

"தொட்டி காலியா இருந்துச்சு," என்று கமால் தமிழில் சொன்னான். என்னைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. "காலியா இருந்துச்சு. நெரப்பினேன். போய்ட்டேன்." அதையே மலாயில் சொன்னான். மறுபடி தமிழில்.

சிப்பாய் மூங்கிலைத் தூக்கினான். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். ஒன்றும் மாறியிருக்காது.

"எனக்கு நாலு மணிக்கு ஒரு தலை வேண்டும்," என்றார் நிஷிடா. "இவன் இல்லையென்றால் வேறு கொண்டுவா."

பிணம் முற்றத்தில் பாயில் கிடந்தது. நெற்றியில் குறுக்காக ஒரு நேர்கோட்டுக் காயம். தொட்டி விளிம்பு. தலைமுடியைத் தொட்டேன். விரல் வழுக்கியது. முகர்ந்தேன்.

"நல்லெண்ணெய்," என்றேன்.

"சனிக்கிழமை," என்றார் அண்ணன். "எண்ணெய்க் குளியல். இந்தப் பஞ்சத்துலயும் தலை நெறைய. பாவி, காதுக்குள்ளகூட விட்டிருக்கான்."

பக்கத்தில் கமாலின் டின்களும் கம்பும் கிடந்தன. ஒரு டின்னின் அடியில் நாலு விரல் தண்ணீர் மீதி இருந்தது.

"இந்த டின்னை யாரும் தொட வேண்டாம். நாலு மணிக்குப் பரமநாதன் வீட்டில் எனக்கு இது வேண்டும்," என்றேன்.

நிஷிடா சிரித்தார். ஒரு சிப்பாயை அதன் அருகே நிறுத்தினார்.

*

பரமநாதனின் மனைவி புஷ்பராணி கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கண்ணில் ஈரம் இல்லை. வாசலில் ஒரு காவல் சிப்பாய் நின்றான்.

"அக்கா, குளியலறையைப் பார்க்கணும்."

"பாருங்கோ."

அடுப்படி வழியாகப் போனோம். குடம், செம்பு, தவலை எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சாவு வீட்டில் சேமித்த தண்ணீரைக் கொட்டிவிடுவது வழக்கம். தரை கழுவிக் காய்ந்திருந்தது. சாமி மாடத்தில் திரை இழுத்திருந்தது.

"கொஞ்சம் கற்பூரம் கிடைக்குமா?"

"மாடத்திலை டப்பா இருக்கு. நீங்களே எடுங்கோ. எனக்குத் தீட்டு."

குளியலறைத் தொட்டி இடுப்பளவு உயரம். வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்தது. விளிம்புவரை தண்ணீர் நிறைந்திருந்தது.

கையில் பட்ட எண்ணெய் போக அடுப்புச் சாம்பலால் தேய்த்துவிட்டு, கற்பூரத்தை நகத்தால் கிள்ளி நாலு தூளைத் தண்ணீரில் போட்டேன்.

அவை ஓடின. சுழன்றன. ஒன்றையொன்று துரத்தி ஓரத்துக்குப் போய்த் திரும்பின. சூடான கல்லில் விழுந்த எறும்பு போல நிற்காமல் துள்ளின.

"அட," என்றார் அண்ணன். "சாமிக்கு மட்டும்தான் இது எரியும்னு நெனைச்சேன். எனக்காக ஆடவும் செய்யுதே."

"சுத்தமான தண்ணீரில் இப்படி ஓடும். துளி எண்ணெய் பட்டாலும் ஓடாது."

"துளியா? இவ்வளவு பெரிய தொட்டிக்கு?"

"துளியில் முப்பதில் ஒரு பங்கு போதும். எண்ணெயோட மூலக்கூறுகள் தண்ணீர் மேலே பரவி நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஒரே அடுக்கு. எல்லாம் காலைத் தண்ணீரில் வைத்து, தலையைக் காற்றில் நீட்டி, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கற்பூரம் ஓட இடம் இருக்காது."

"வரிசையில நிக்க யாரு விசில் ஊதுறது?"

"யாரும் ஊத வேண்டாம். தானாக நிற்கும்."

"அப்ப எண்ணெய்க்கு ஜப்பான்காரன் தேவையில்லைன்னு சொல்லு."

வாசல் சிப்பாய் திரும்பிப் பார்த்தான். அண்ணன் உடனே குனிந்து வணங்கினார். நெற்றிச் சுருள் முழங்காலைத் தொட்டது.

"பரமநாதன் தலை முழுக்க எண்ணெய்," என்றேன். "அந்தத் தலை இந்தத் தண்ணீருக்குள் போயிருந்தால் இந்தத் தூள் செத்துப்போயிருக்கும். ஓடுகிறது. அவர் இங்கே மூழ்கவில்லை. வேறு எங்கோ மூழ்கடித்து இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்."

"எங்கே?"

"கற்பூரம் நிற்கிற இடத்தில்."

இரண்டு மணி ஆகியிருந்தது.

*

பக்கத்து வீட்டில் ஹாஜரா. மலாய்க்காரி. தொட்டியைக் காட்டச் சொன்னதும் இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க, கையில சாமிக் கற்பூரம், என் குளியலறைக்குள்ள. என் புருஷன் கப்பல்லேருந்து வந்தா நான் என்ன சொல்றது?" மலாயில்தான் சொன்னாள். அண்ணன் மலாயிலேயே பதில் சொன்னார்.

"தண்ணி வரி வசூல் பண்ண வந்தாங்கன்னு சொல்லுங்க."

அவள் துடைப்பத்தைத் தேடினாள். நான் கற்பூரத்தைப் போட்டேன். தூள் அசையவில்லை. இலை போல மிதந்தது.

இங்கேதான் என்று நினைத்தேன். ஆனால் இவளுக்குப் பரமநாதனைத் தூக்கிப் போக வலு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் வேறு இருந்தது.

முனைக் காப்பிக்கடை. பின்கட்டுத் தொட்டி. கற்பூரம் அசையவில்லை.

சலவைக்காரர் வீட்டுத் தொட்டி. அசையவில்லை.

தெருக்கோடி மரக்கறிக் கடையில் ஒரு வாளி. அசையவில்லை.

"ஒரு ஆளை நாலு எடத்துல முக்கியிருக்காங்க," என்றார் அண்ணன். "பரமநாதனுக்கு அது தகும். ஆனா நேரம் பத்தியிருக்காதே."

நான் நடைபாதையில் நின்றுவிட்டேன்.

கல்லூரியில் முதல் வாரம் சொல்லித் தந்த பாடம். ஒரு சோதனை என்ன சொல்கிறது என்று தெரிய, ஒன்றுமே நடக்காத இடத்திலும் அதைச் செய்து பார்க்க வேண்டும். நான் செய்யவில்லை. அருந்ததி போனபின் நான் பல காரியங்களைப் பாதியில் விட்டுவிடுகிறேன்.

"அண்ணே, நான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். மனுஷன் கை படுகிற எந்தத் தொட்டியிலும் கற்பூரம் ஓடாது. சட்டி தொட்ட கை, தலை தொட்ட கை, ஏதாவது எண்ணெய் இருக்கும். ஊரில் எல்லாத் தொட்டியும் செத்த தொட்டிதான். அந்த ஒரு வீட்டுத் தொட்டி மட்டும் ஏன் உயிரோடு இருக்கிறது?"

அண்ணன் சுருளைக் கோதினார். "புதுத் தண்ணி. இருபது டின்னு."

"தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. அதே எண்ணெய் வரிசை ஓட்டிலும் ஒட்டி நிற்கும். துணியால் துடைத்தாலும் கடைசி ஒரு அடுக்கு போகாது. புதுத் தண்ணீர் விட்டால் மெல்ல மேலே வந்துவிடும். சோப்புப் போட்டாலும் கற்பூரம் நிற்கும். சாம்பலைப் போட்டு ஓடு ஓடாகத் தேய்த்தால்தான் போகும். யாரோ அதைச் செய்திருக்கிறார்கள். கமால் வருவதற்கு முன்னால்."

"இந்தப் பஞ்சத்துல தொட்டித் தண்ணியைத் தொறந்து விட்டா?"

"ஆமாம். அடுப்படியில் பார்த்தீர்களா? குடிக்கிற தண்ணீரைக்கூடக் கவிழ்த்துவிட்டார்கள். ஆனால் அவர் செத்ததாகச் சொல்கிற தொட்டித் தண்ணீரைக் கொட்டவில்லை. முதலில் கொட்ட வேண்டியது அதுதானே?"

அண்ணன் சுருளிலிருந்து கையை எடுத்தார்.

"அது ஏற்கெனவே கொட்டியாச்சு," என்றார்.

*

புஷ்பராணி அதே பாயில் இருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். அண்ணன் கதவருகே நின்றார்.

"அக்கா, தொட்டிக்கு எப்போ சாம்பல் போட்டுத் தேய்ச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லிப் பார்க்கவில்லை.

"விடிய. ஆறு மணி போலை."

"அவர் செத்தது ஒன்பது மணிக்குத்தான் ஊருக்குத் தெரியும்."

"ஓம்." சேலைத் தலைப்பை மடித்தார், விரித்தார். "என்ர தம்பி சற்குணம். போன மாதம் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். உடம்பும் தரேல்லை. அவன்ர பேரை எழுதிக் குடுத்தது தான்தான் எண்டு நேற்றுச் சாப்பிடேக்குள்ளை சொன்னார். கறிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுற மாதிரி."

அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"சனிக்கிழமையிலை நான்தான் அவருக்கு எண்ணெய் வைக்கிறனான். சீயாக்காய் போட்டவுடனை கண்ணை இறுக்கி மூடுவார். தொட்டிக்கு மேலை குனிஞ்சு நிப்பார். நான் வாளியாலை வார்ப்பன். பதினொரு வருசமா அப்பிடித்தான். இண்டைக்கு வாளியை வைச்சிட்டு ரெண்டு கையாலையும் அமத்தினன். நெத்தி விளிம்பிலை அடிச்சது. எண்ணெய்த் தலை, வழுக்கினது. பிடரியை விடாமல் பிடிச்சன்."

அவர் முன்கையைக் காட்டினார். முழங்கைவரை நகக்கீறல்கள். காய்ந்த ரத்தம்.

"பிறகு அந்தத் தண்ணியைப் பாக்க ஏலேல்லை. பிரேதம் கிடந்த தண்ணி. திறந்து விட்டிட்டுத் தேய்ச்சன். அழுறதுக்கு முதல் அதைத்தான் செய்தனான். தண்ணி வார்க்க கமால் வந்தார். அதுக்கு முதலே இவரை உள் அறையிலை கிடத்தியிருந்தன். கமால் போனாப்பிறகு இழுத்துக்கொண்டு வந்து போட்டன்."

"கமாலைப் பிடிப்பார்கள் என்று—"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. பிடிச்சது தெரிஞ்சவுடனை வாசல்லை நிக்கிறவனிட்டை நான்தான் செய்தது எண்டு ரெண்டு தரம் சொன்னன். தமிழிலையும் சொன்னன், மலாயிலையும் சொன்னன். அவனுக்கு ரெண்டும் விளங்காது. நான் அழுகிறன் எண்டு நினைச்சுத் தலையை ஆட்டினான்."

"அவனுக்கு வெளங்க வைக்க வேண்டிய ஆளைத்தான் நீங்க முதல்லயே..." என்று தொடங்கிய அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

"நீங்கள் சொல்லுங்கோ," என்றார் புஷ்பராணி. எழுந்து நின்றார். "நான் வாறன்."

கமாலுக்குப் பதில் இவர். நிஷிடா கேட்டது அதுதான். ஒரு தலைக்கு இன்னொரு தலை.

அருந்ததி செத்தபோது பிடித்து அமுக்க எனக்கு ஒரு பிடரி கிடைக்கவில்லை. விமானம் போய்விட்டது.

"உட்காருங்க அக்கா," என்றேன். "நீங்க ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் வழுக்கி விழுந்தார். நெற்றியில் அடி. மயங்கித் தலை தொட்டிக்குள் போனது. உடம்பைத் தூக்கித் தரையில் போட்டது நீங்க. அவ்வளவுதான். தொட்டி மட்டும் அதைச் சொல்ல வேண்டும். இப்போது அது வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கிறது."

கொஞ்சம் எண்ணெய் போதும். என் தலைமுடியைத் தொட்டேன். வைக்கோல். இரண்டு வருடமாக எண்ணெய் வைத்ததில்லை.

அண்ணனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வெளியே லாரி நின்றது. பூட்ஸ்கள் குதித்தன.

மூன்று பத்து. நிஷிடா சீக்கிரம் வந்துவிட்டார்.

*

கமாலை லாரியிலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவனால் நிற்க முடியவில்லை. குளியலறை வாசலில் மண்டியிட வைத்தார்கள். ஒரு சிப்பாய் டின்னைக் கொண்டுவந்து வைத்தான். நிஷிடா வாளை உறையோடு தரையில் ஊன்றினார்.

"தலை எங்கே?"

"தலை இல்லை. விபத்து," என்றேன். விளக்கினேன். எண்ணெய், கற்பூரம், ஓட்டம். பாதி மலாயில், மீதி கையால்.

"எண்ணெய்த் தலையை அமுக்கிப் பிடித்தவன் கையில் எண்ணெய் இருக்கும். கமால் அதே கையால் இந்த டின்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். கையில் எண்ணெய் இருந்திருந்தால் இதில் கற்பூரம் ஓடாது."

காலை முழுக்கக் குழாயடியில் பொங்கி வழிந்த டின், பழைய எண்ணெயெல்லாம் அதோடு போயிருக்கும் என்று நம்பி அதில் ஒரு தூளைப் போட்டேன். ஒரு நொடி நின்றது.

கமால் கண்ணை மூடினான்.

தூள் துள்ளியது. சுழன்றது. டின்னின் ஓரத்தை முட்டித் திரும்பி ஓடியது. காவல் சிப்பாய் ஒருவன் தன்னையறியாமல் சிரித்துவிட்டான். நிஷிடா பார்த்ததும் நிறுத்தினான்.

நிஷிடா நெடுநேரம் டின்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை.

"இவன் கை சுத்தம். சரி," என்றார். "இவன் காலையிலிருந்து ஒன்றே சொல்கிறான். தொட்டி காலி, தொட்டி காலி. காலியான தொட்டி என்றால் காலி செய்த ஆள் இருக்கிறான். வீட்டில் இருப்பது யார்?" வாளின் உறை கூடத்துப் பக்கம் நீண்டது. "அந்தத் தொட்டியில் இன்று புதுத் தண்ணீர் மட்டும் என்றால் உன் மருந்து ஓடும். எண்ணெய்த் தலை விழுந்திருந்தால் ஓடாது. அப்படித்தானே சொன்னாய்?"

நானேதான் சொல்லிக் கொடுத்தேன். "அப்படித்தான்."

"போடு."

நான் தொட்டியை நோக்கி ஒரு அடி வைத்தேன். உறை என் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

"நீ இல்லை. கை பின்னால்." அவர் பக்கிரிசாமி அண்ணனைப் பார்த்தார். "நீ. கையைக் காட்டு."

அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். சிப்பாய் ஒருவன் அவற்றைத் துணியால் அழுத்தித் துடைத்தான். ஒரு கற்பூரத் துண்டைக் கையில் வைத்தான். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தொட்டிக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் நிஷிடா. கூடத்தில் புஷ்பராணி எழுந்து நிற்கும் சேலைச் சத்தம் கேட்டது. வாயைத் திறந்தால் போதும், அவர் தலை போய்விடும்.

அண்ணன் காலைச் சேர்த்தார். கைகளைத் தொடையோரம் ஒட்டினார். உத்தரவு வாங்குகிறவன் செய்ய வேண்டியதைச் செய்தார். சார்ஜண்டுக்குக் குனிந்து வணங்கினார்.

மதியம் அவர் சொல்லிக் கொடுத்தபடி. இடுப்புக்குக் கீழே. இன்னும் கீழே. இன்னும்.

தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நெற்றிச் சுருள் தண்ணீரைத் தொட்டது. ஒரு சின்ன வளையம் எழுந்து நாலு சுவரையும் தொட்டு அடங்கியது. மேலே ஒரு மெல்லிய நிறம் விரிந்து காணாமல் போனது. நான் மட்டும்தான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"போதும்!" என்று கத்தினார் நிஷிடா. "கோழை. போடு!"

அண்ணன் நிமிர்ந்தார். கற்பூரத்தைக் கிள்ளிப் போட்டார்.

தூள் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நிஷிடா குனிந்தார். ஊதினார். தூள் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. இன்னொரு துண்டை அவரே பிடுங்கிப் போட்டார். அதுவும் கிடந்தது. டின்னைப் பார்த்தார். அங்கே பழைய தூள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் தொட்டி காலி என்று இவன் ஏன் சொன்னான்?"

"விரல்களை உடைத்தீர்கள்," என்றேன். "வலியில் ஒரு ஆள் எதையாவது பிடித்துக்கொள்வான்."

நிஷிடா வாளை இடுப்பில் செருகினார். கமாலின் நெஞ்சில் பூட்ஸ் காலை வைத்துத் தள்ளினார். அவன் பின்மண்டை தரையில் அடித்தது.

"விபத்து," என்றார். போகிற போக்கில் அண்ணனின் வாயில் முழங்கையால் இடித்தார். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன.

லாரி கிளம்பிப் போனது.

பிறகு அண்ணன் பற்களைப் பொறுக்கிப் பார்த்தார். "டிக்கெட்டு ரெண்டு," என்றார். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "பரவாயில்லை. கிழங்கு மென்மையாத்தான் இருக்கு."

புஷ்பராணி குளியலறை வாசலுக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார். அவர் கை தானாக அடைப்புக் கட்டையை நோக்கிப் போனது.

"வேண்டாம் அக்கா," என்றேன். "அவர் மறுபடி வரலாம். இந்தத் தண்ணீர் இப்படியே இருக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கமால் கை ஆறும்வரை. புதுத் தண்ணீர் கொண்டுவர ஆள் இல்லை."

அவர் தொட்டி விளிம்பில் கை வைத்து நின்றார். கையை எடுக்கவில்லை.

*

கமாலை அண்ணன் முதுகில் சுமந்தார். என் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. சந்தை முனைக்கு வந்தபோது டோக்கியோ நேரம் சரியாக நாலு. ஹபீபா பீவி காலிக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அதில் வேறு எதையும் வைக்க விடமாட்டேன் என்பது போல.

அவள் எங்களைப் பார்ப்பதற்குள் கமால் என் சட்டையைப் பிடித்தான். நல்ல கையால்.

"அண்ணே. உண்மையைச் சொல்லுங்க. தொட்டி காலியாத்தானே இருந்துச்சு?"

நான் நடந்தேன். அவன் சட்டையை விடவில்லை. அவன் தோள் என் கண்ணுக்கு நேரே இருந்தது. இருபது டின் சுமந்த கம்பு உரித்த இடம், மூங்கில் அடித்த இடங்களுக்கு நடுவில், தனியாகத் தெரிந்தது.

"இல்லை கமால். நிறைஞ்சுதான் இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அண்ணனின் தலையை. நனைந்து நெற்றியில் ஒட்டிக் கிடந்த சுருளை. குளியலறை வாசலில் மண்டியிட்டிருந்தவனுக்கு அந்தக் குனிவு நன்றாகத் தெரிந்திருக்கும்.

"அந்த அக்கா எப்பவும் எனக்கு மோர் குடுக்கும்ணே," என்றான். "இன்னைக்குத்தான் மறந்துபோச்சு."

சட்டையை விட்டான்.

"எட்டு டின்னுதான் தூக்குனேன்," என்றான் கமால். "யாரு கேட்டாலும் எட்டுத்தான்."

ஹபீபா பீவி எங்களைப் பார்த்துவிட்டாள். கம்பத்தை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.